சங்கத்து லாரியின் உடைந்த வில்பட்டை: மாற்றுவதா, ஒட்டுப்போட்டு ஓட்டுவதா?

நெல், நிலக்கடலை, உரம் முதலிய சரக்குகளை ஏற்றியிறக்கும் பொருட்டு, சொந்தத்தில் லாரி வைத்துக்கொண்டிருக்கும் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் கமிட்டிக்கு முன்பாக அடிக்கடி வந்து நிற்கும் விஷயங்களில் வண்டி ரிப்பேர்ச் செலவும் ஒன்று. டயர் தேய்ந்துவிட்டால் அங்கத்தினர் எவரும் தர்க்கிப்பதில்லை. தேய்ந்தது கண்ணுக்குத் தெரிகிறது. இன்ஜின் பழுதானால் வண்டியே நின்றுவிடுகிறது. அப்பொழுதும் தர்க்கத்துக்கு இடமில்லை. ஆனால் "பின் பக்கத்துப் பட்டை ஒன்று விட்டுப்போயிற்று" என்று டிரைவர் வந்து சொல்லும்போது, வண்டி வாசலில் நன்றாகத்தான் நின்றுகொண்டிருக்கிறது. முந்தின நாள் கூட நூறு மூட்டை கொண்டுவந்து இறக்கிற்று. வண்டியோ பழையது. இதற்கு இவ்வளவு பணம் போடுவது தகுமா, இந்தப் போகம் முடியும்வரை ஓட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொல்லுவார். அது நியாயம்போலவே தோன்றும். அது எப்பொழுது நியாயம், எப்பொழுது பெருங்கேடு என்பதைப் பகுத்தறிவதற்கு வேண்டிய விவரங்கள் இங்கே கூறப்படுகின்றன.

வில்பட்டை என்பது நம் நாட்டாருக்குப் புதிய பொருளன்று. ரப்பர் டயர் வருவதற்கு முன்பே, அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளை அடுக்கிப் பூட்டிய மாட்டு வண்டிக்கு வில்வண்டி என்று பெயர் வைத்து ஜனங்கள் ஏறிச் சென்றிருக்கிறார்கள். லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ம் வருஷத்தில் குதிரை வண்டிகளுக்கான இவ்வகை வில்லுக்குப் பேடண்டு பெற்றார். பட்டை எவ்வளவு பாரம் ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு விகிதமாக வளையும் என்ற விதியை ராபர்ட் ஹூக் அதற்கும் முன்னதாக 1678-ல் அச்சிட்டு வெளியிட்டிருந்தார். இக்காலத்து லாரியின் அடியில் இருப்பதும் அதே வில்தான். பட்டைகளின் எண்ணிக்கையும் கனமும் மாத்திரம் அதிகம்.

ஆயினும் வில்வண்டிக்கும் லாரிக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. அதை உணராதவர்களே பட்டை விஷயத்தில் அலட்சியமாயிருக்கிறார்கள். வில்வண்டியில் வில்லின் வேலை குலுக்கலைத் தாங்குவது மட்டுமே. வண்டியை இழுப்பது மாடு. இழுப்பு நுகத்தடி வழியாகவும் ஏர்க்கால் வழியாகவும் வருகிறது. லாரியிலோ, அச்சைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பதே அந்தப் பட்டைக்கட்டுதான். பட்டைகளில் நீளமான முதற்பட்டையின் இரு நுனிகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று சட்டத்தில் அசையாத ஊசியிலும், மற்றொன்று முன்னும் பின்னும் ஆடக்கூடிய ஷாக்கிளிலும் மாட்டப்பட்டிருக்கிறது. கட்டின் நடுவில் சென்டர் போல்ட்டு என்னும் ஒரு மரையாணி எல்லாப் பட்டைகளையும் கோத்து, அச்சின் மேலுள்ள குழியில் உட்கார்ந்திருக்கும். இரண்டு யு-போல்ட்டுகள் கட்டை அச்சோடு இறுகப் பிடித்திருக்கும். இவ்வமைப்பில், சக்கரம் தள்ளும் தள்ளலும், பிரேக் பிடிக்கும்போது வரும் எதிர்ப்பும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் வரும் இழுப்பும் அந்த முதற்பட்டை வழியாகத்தான் வண்டிக்குச் செல்லுகின்றன. ஆகவே முதற்பட்டை ஒடிந்தால் குலுக்கல் அதிகமாகும் என்பது மட்டுமல்ல. அச்சு தன் இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். முன் அச்சில் இது நேர்ந்தால் ஒரு பக்கத்துச் சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் வண்டி ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போகும். எதிரே வருகிறவனுக்கும் ஓரத்தில் நடக்கிறவனுக்கும் அதில் என்ன பங்கு உண்டு என்பதைக் கமிட்டியார் நினைத்துப் பார்க்கவேண்டும்.

பட்டை ஏன் ஒடிகிறது?

ஒரு நாள் ஏற்றிய அதிக பாரத்தினால் திடீரென்று ஒடிந்த பட்டைகள் மிகச் சொற்பம். பெரும்பாலும் ஒடிவது களைப்பினால். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் பட்டை ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. கிலோமீட்டருக்கு நூறு முறை என்று வைத்துக்கொண்டால், வருஷத்தில் 30,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 30 லட்சம் முறை ஆகிறது. பாரம் ஏறும்பொழுது பட்டையின் மேல்முகம் இழுபடுகிறது, அடிமுகம் நசுக்கப்படுகிறது. விரிசல் இழுபடும் முகத்திலேதான் பிறக்கும். இரண்டாம் பட்டை முதலாக எல்லாப் பட்டைகளின் மேல்முகமும் அதற்கு மேலுள்ள பட்டையால் மூடப்பட்டிருக்கிறபடியால், விரிசல் விழுந்து பல மாதங்கள் சென்றும் வெளியே தெரிவதில்லை. துருவும் மண்ணும் இடுக்கில் புகுந்து உராய்கிற இடத்தில் அது தொடங்குகிறது. ஓரத்தில் வெளிப்பட்டுத் தெரியும்போது பட்டையில் பாதிக்கு மேல் போயிருக்கும்.

ஒடிந்த முகத்தைப் பார்த்தே இதைக் கண்டுகொள்ளலாம். கழற்றிய பட்டையின் முறிவில் ஒரு பகுதி கறுத்தோ துருவேறியோ, சில சமயம் கிளிஞ்சல் ஓட்டின் வரிகளைப்போல வளைவு வளைவாகவோ இருக்கும். மீதிப் பகுதி பளபளப்பாயும் சொரசொரப்பாயும் இருக்கும். கறுத்த பகுதி பழைய விரிசல். பளபளக்கும் பகுதி கடைசி நாளில் முறிந்தது. கறுப்பு அதிகமாயிருந்தால் அந்தக் கட்டு முழுவதும் களைத்துப்போயிருக்கிறது என்று சந்தேகிக்கவேண்டும்.

முறிந்த இடமும் ஒரு சாட்சி. நடுவில், சென்டர் போல்ட்டுத் துவாரத்தின் வழியாகவோ அதற்குச் சமீபத்திலோ முறிந்திருந்தால், அநேகமாக யு-போல்ட்டுகள் தளர்ந்திருந்தன என்று அர்த்தம். இறுகப் பிடித்திருக்கும்வரை நடுப்பாகம் வளைவதேயில்லை. தளர்ந்தவுடனே, துவாரம் போட்டுப் பலவீனப்பட்ட அந்த இடமே வளையத் தொடங்குகிறது. வளையக் கண்ணுக்கருகே முறிந்திருந்தால், புஷ் தேய்ந்தோ, கிரீஸ் காணாமல் ஊசி இறுகியோ, ஷாக்கிள் ஆடாமல் நின்றோ இருக்கும். கண்ணுக்கும் நடுவுக்கும் இடையில் முறிந்திருந்தால் பாரமும் வயதுமே காரணம். காரணத்தை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் மாற்றினால் புதிய பட்டையும் அதே வழியில் போகும். பட்டறைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதன்று, "எங்கே முறிந்தது?" என்பதே.

எதை உடனே நிறுத்தவேண்டும்?

முதற்பட்டை ஒடிந்திருந்தால், அது முன்பக்கமானாலும் பின்பக்கமானாலும், வண்டி அங்கேயே நிற்கவேண்டும். சில வண்டிகளில் இரண்டாம் பட்டையின் நுனி முதற்பட்டையின் கண்ணைச் சுற்றி வளைத்து விடப்பட்டிருக்கும். இது ஆபத்துக்கு உதவியாய், அச்சு உடனே கழன்று போகாமல் தடுக்கும். அதை நம்பிச் சரக்கு ஏற்றக்கூடாது. சென்டர் போல்ட்டு முறிந்திருந்தாலும் அப்படியே. கட்டு அச்சின் மேல் வழுக்கத் தொடங்கிவிடும். கீழ்ப் பட்டைகளில் ஒன்று மட்டும் ஒடிந்திருந்தால், சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாக, மெதுவாகப் பட்டறைவரை கொண்டுபோகலாம். மூட்டையோடு "இந்த ஒரு நடை மட்டும்" என்பது கூடாது. பத்துப் பட்டைகள் சுமந்ததை ஒன்பது சுமக்கும்போது ஒவ்வொன்றின் பாரமும் நூற்றுக்குப் பதினொன்று வீதம் கூடுகிறது. பதினொன்று என்பது சிறிதுபோல் தோன்றும். ஆனால் களைப்பினால் எஃகின் ஆயுள் குறைவது பாரத்துக்கு நேர் விகிதமாக அன்று. அதைவிடப் பன்மடங்கு வேகமாகக் குறைகிறது. ஒன்று போனபின் இரண்டாவதும் மூன்றாவதும் அடுத்தடுத்துப் போவதைப் பார்த்து டிரைவர்கள் ராசியில்லாத வண்டி என்று சொல்லுவது இதனால்தான்.

இது புத்திமதி மாத்திரமல்ல, சட்டமும் ஆகும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின்படி, அபாயத்தை விளைவிக்கக்கூடிய குறையுள்ள வண்டியை, அக்குறையை அறிந்தோ, சாதாரண ஜாக்கிரதையினால் அறிந்திருக்கக்கூடிய நிலையிலோ, பொது ரஸ்தாவில் ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட அனுமதிக்கிறவரும் குற்றவாளிகள். டிரைவர் வந்து சொல்லியும் "போய் வா, தம்பி" என்று தலைவரோ காரியதரிசியோ அனுப்பினால், அந்த வார்த்தை அவரையும் சேர்த்துக்கொள்ளும். ஆகையால் டிரைவர் சொல்லுவதை வண்டிப் புத்தகத்தில் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் இரு திறத்தாருக்கும் நல்லது. கூலியாட்களை மூட்டைமேல் ஏற்றி அனுப்புவது எந்தச் சரக்கு வண்டியிலும் தவறு. பட்டை பழுதான வண்டியில் அது உயிரோடு விளையாடுவதாகும்.

பட்டறைக்குப் போகுமுன் சங்கத்திலேயே செய்யக்கூடிய பரீட்சைகள் சில உண்டு. வண்டியைச் சமதரையில், காலியாக நிறுத்தி, அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை இரு பக்கமும் கயிற்றாலாவது அளக்கவேண்டும். ஒரு பக்கம் குறைந்திருந்தால் அங்கே பட்டை படுத்துவிட்டது அல்லது ஒடிந்துவிட்டது. பிறகு முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து ஒத்துப்பார்க்கவேண்டும். அளவுகள் வித்தியாசப்பட்டால் அச்சு நகர்ந்திருக்கிறது. விரிசல் தேடுவதற்கு ரயில்வே பட்டறைகளில் வெகுகாலம் வழங்கிவந்த சுலபமான முறையொன்று உண்டு. பட்டையைச் சுத்தமாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்றுநேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்பைக் குழைத்து மெல்லியதாகப் பூசி உலரவிடவேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்திருந்த எண்ணெய் கசிந்து வெள்ளையின்மேல் கோடாகத் தெரியும். கட்டைப் பிரித்த பிறகு ஒவ்வொரு பட்டையின் மேல்முகத்தையும் இவ்வாறு பார்ப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது. பட்டறைக்காரர் சொல்லுவதை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை, நம்பாமல் சண்டையிடவும் வேண்டியதில்லை. கோடு இருக்கிறதா இல்லையா என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.

வெல்டிங், பழைய பட்டை, கெட்டிப் பட்டை

செலவைக் குறைப்பதற்காகச் சொல்லப்படும் யோசனைகள் மூன்று.

முதலாவது, ஒடிந்த பட்டையை வெல்டிங் வைத்துச் சேர்ப்பது. இதை எக்காலத்திலும் அனுமதிக்கலாகாது. பட்டைக்குரிய எஃகு, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு அளவான சூட்டில் மறுபடியும் பதப்படுத்தப்பட்டது. அந்தத் தோய்ச்சல்தான் அதன் உயிர். வெல்டிங் வைத்த இடத்தில் எஃகு உருகி, அதற்கு இருபுறமும் ஒரு பட்டை அகலம் பதம் கெட்டு, ஓரிடம் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியதாயும் பக்கத்திடம் மெழுகுபோல் மிருதுவாயும் ஆகிவிடும். அடுத்த முறிவு வெல்டிங்கில் அல்லாமல் அதற்குப் பக்கத்திலேயே விழும். சட்டத்தில் வேறெங்கோ வெல்டிங் வைக்கும்போது தீப்பொறி பட்டையின்மேல் தெறிக்காதபடி மூடிவைப்பதுகூட நல்ல பட்டறைகளின் வழக்கம்.

இரண்டாவது, காயலான் கடையில் பழைய பட்டை வாங்கிப் போடுவது. அரிவாள் அடிக்கும் கொல்லர்கள் லாரிப் பட்டையைத் தேடி வாங்குகிறார்கள். நல்ல எஃகு என்பது உண்மைதான். ஆனால் கொல்லர் அதைக் காய்ச்சி, அடித்து, வேறு உருவாக்கி, புதிதாகத் தோய்ச்சல் கொடுக்கிறார். லாரிக்கு வாங்குகிறவரோ அதன் பழைய களைப்போடு அப்படியே மாட்டுகிறார். அது எத்தனை லட்சம் முறை வளைந்தது என்பதைச் சொல்ல அந்தப் பட்டைக்கு வாயில்லை.

மூன்றாவது, சற்றுக் கெட்டியான பட்டையாகப் போட்டால் நல்லதல்லவா என்பது. இது கேட்பவர்க்கு மிகவும் நியாயமாகப் படும், நடப்பது நேர்மாறு. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. பத்து மில்லிமீட்டர்ப் பட்டைகளுக்கு நடுவே பன்னிரண்டு மில்லிமீட்டர்ப் பட்டை ஒன்றை நுழைத்தால், அது தன் பங்குக்கு மேல் நூற்றுக்கு எழுபதுக்கு அதிகமாகச் சுமக்கும். எல்லாப் பட்டைகளும் ஒரே அளவாக வளைகிறபடியால், கெட்டியானதன் மேல்முகமே அதிகமாக இழுபடும். கெட்டிப்பட்டைதான் முந்தி ஒடியும். கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துப் பாரத்தை உயர்த்துவதும் இப்படிப்பட்டதே. வில் தாங்கினாலும் அச்சும் டயரும் சட்டமும் தாங்கவேண்டுமே. இரண்டு அச்சுள்ள லாரியின் மொத்த எடை வரம்பை 2018-ல் மத்திய அரசு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்திற்று. அதற்கு முன் செய்யப்பட்ட வண்டியின் பட்டைகள் முந்தின எடைக்கே கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அரசிதழில் அறிவிப்பு வந்ததனால் எஃகு கெட்டியாகிவிடவில்லை.

விரிசல் ஒன்றுமில்லாமல் வளைவு மட்டும் குறைந்து படுத்துப்போன கட்டாயிருந்தால், மறுபடியும் வளைவு கொடுத்துத் தோய்ச்சல் செய்து மாட்டலாம். இதற்கு உலையின் சூட்டை அளந்து பார்க்கும் கருவியும் எண்ணெய்த் தொட்டியும் உள்ள பட்டறை வேண்டும். நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழிலூர்களில் தேர்ந்த பட்டறைகள் கிடைக்கும். சம்மட்டியால் குளிர அடித்து வளைவு ஏற்றித்தருகிறேன் என்பவரிடம் கொடுப்பது வீண். சில நடைகளில் பட்டை மறுபடியும் படுத்துவிடும்.

ஒற்றைப் பட்டையா, முழுக் கட்டா?

இதில்தான் கமிட்டியாரின் விவேகம் வேண்டியிருக்கிறது. கட்டு பூட்டி அதிக காலம் ஆகவில்லை, முறிவுக்குத் தளர்ந்த யு-போல்ட்டுபோல் ஒரு தனிக்காரணம் தெரிகிறது, மற்றப் பட்டைகளைச் சுண்ணாம்பு பூசிப் பார்த்ததில் கோடில்லை என்றால், அதே நீளம், அகலம், கனமுள்ள ஒரு பட்டையை மட்டும் மாற்றிக் காரணத்தையும் சரிசெய்வது போதும். முழுக் கட்டு வாங்குவது அப்போது வீண் செலவு. கட்டு வண்டியோடு வந்த பழங்கட்டாயிருந்து, முறிவு கறுத்திருந்து, இதற்கு முன்னும் ஒன்றிரண்டு பட்டைகள் மாற்றப்பட்டிருந்தால், ஒற்றைப் பட்டை மாற்றுவதுதான் வீண் செலவு. எல்லாப் பட்டைகளும் ஒரே நாளில் பூட்டப்பட்டு, ஒரே பள்ளத்தில் இறங்கியவை. ஒன்று களைத்துவிட்டது என்றால் மற்றவை அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன. பிரிக்கிற கூலியும் வண்டி நிற்கிற நாட்களும் ஒவ்வொரு தடவையும் முழுமையாகவே ஆகும்.

ஒரு பக்கத்துக் கட்டை முழுதும் மாற்றினால், அதே அச்சின் மறுபக்கத்துக் கட்டையும் மாற்றுவது முறை. புதியது உயர்ந்தும் விறைத்தும், பழையது தாழ்ந்தும் இருந்தால் வண்டி ஒருபுறம் சாயும். பிரேக் பிடிக்கும்போது அந்தப் பக்கம் இழுக்கும். முன் அச்சில் இது அவசியம். பின் அச்சில், மறுபக்கத்துக் கட்டு விரிசலின்றி உயரமும் ஒத்திருக்குமானால், பணமில்லாத சங்கம் அதைப் பிற்பாடு மாற்றலாம். ஆனால் அப்படிச் செய்வதைத் தீர்மானத்தில் காரணத்தோடு எழுதிவைக்கவேண்டும்.

கழற்றிய யு-போல்ட்டுகளைத் திரும்பப் போடக்கூடாது. அவை இறுகி நீண்டவை, மரையும் தேய்ந்திருக்கும். சென்டர் போல்ட்டு, புஷ், ஊசிகள் ஆகியவற்றையும் அச்சமயமே மாற்றிவிடுவது உத்தமம். மொத்தச் செலவில் இவற்றின் பங்கு சொற்பம். இவற்றில் மிச்சம்பிடிக்கிற சங்கங்கள்தாம் ஒரே வண்டியை வருஷத்தில் இருமுறை பட்டறைக்கு அனுப்புகின்றன.

பழைய வண்டிக்கு இவ்வளவு பணம் தகுமா?

இக்கேள்விக்கு விடை பட்டறையில் இல்லை, சங்கத்துக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அங்கத்தினர்கள் சாதாரணமாக இரண்டு விதமாகப் பேசுவார்கள். "வண்டி விற்றால் இரண்டு லட்சம் வராது, அதற்கு நாற்பதாயிரமா?" என்பது ஒன்று. "போன வருஷம்தான் இன்ஜினுக்கு ஒரு லட்சம் கொட்டினோம், இப்போது விட்டுவிடலாமா?" என்பது மற்றொன்று. இரண்டும் தவறான கணக்கு. இன்ஜினுக்குக் கொடுத்த பணம் போன வருஷத்துக் கணக்கில் போய்விட்டது. வண்டியை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அது திரும்பாது. விற்பனை விலையும் தனியாக நின்று ஒன்றும் சொல்லாது. பார்க்கவேண்டியது, இனி வரும் காலத்தில் அந்த வண்டி சங்கத்துக்கு என்ன மிச்சம்பிடித்துக் கொடுக்கும் என்பதே.

கணக்கிற்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வாடகை லாரிக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். சொந்த லாரிக்கு டீசல், டிரைவர் படி, தேய்மானம் சேர்த்து நாளொன்றுக்கு 3,500 ரூபாய். ஓடும் ஒவ்வொரு நாளும் 1,500 ரூபாய் மிச்சம். வரி, இன்ஷூரன்ஸ், தகுதிச் சான்று, டிரைவரின் நிரந்தரச் சம்பளம் முதலிய ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு வருஷத்துக்கு ஒரு லட்சம். வண்டி வருஷத்தில் 120 நாள் ஓடுமானால் மிச்சம் 1,80,000. அதில் ஒரு லட்சம் போக 80,000 ரூபாய். இரு பின்கட்டுகளையும் 40,000 ரூபாயில் மாற்றினால், அப்பணம் ஆறு மாதத்தில் திரும்பிவிடுகிறது. தாராளமாக மாற்றலாம். அதே வண்டி 50 நாள்தான் ஓடுகிறது என்றால், மிச்சம் 75,000. நிரந்தரச் செலவைக் கழித்தால் 25,000 ரூபாய் நஷ்டம். அங்கே பட்டையைப் பற்றிப் பேசுவதே பிரயோசனமில்லை. பட்டை உடையாதிருந்தாலும் அந்த வண்டி சங்கத்துக்குப் பாரமே; அதை விற்றுவிட்டு வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் வழி மாறாது. நாள் எத்தனை என்பதை ஞாபகத்திலிருந்து சொல்லாமல் வண்டிப் புத்தகத்திலிருந்து கூட்டவேண்டும். ஞாபகத்தில் வண்டி எப்பொழுதும் அதிக நாள் ஓடியிருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும். ஒடிந்த பட்டையோடு சான்று கிடைக்காது. சான்றில்லாமல் ஓடி விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வழக்காட இடமுண்டாகும். எனவே சான்றுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பட்டை உடைந்தால், அப்பொழுதே சட்டம், பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் பரிசோதிக்கச் செய்து மொத்த மதிப்பீடு வாங்கவேண்டும். பட்டை மட்டும் 40,000 என்று சம்மதித்து, பிறகு சட்டத்தில் விரிசல், அச்சில் வளைவு என்று ஒவ்வொன்றாகச் சம்மதித்து, முடிவில் ஒரு லட்சத்தைத் தாண்டிய சங்கங்கள் ஆரம்பத்திலேயே முழுத் தொகையைப் பார்த்திருந்தால் வேறு தீர்மானம் செய்திருக்கும். சட்டத்தில் பட்டை மாட்டும் தாங்கிகளுக்கருகே விரிசல் காணப்பட்டால், அது வண்டியின் அந்திமக் காலத்துக்கு அடையாளம் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

வண்டியை விற்பதென்று தீர்மானித்தால், பட்டை ஒடிந்திருப்பதை வாங்குபவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தே விற்கவேண்டும். சற்று விலை குறையும். மறைத்து விற்றால், அதே ரஸ்தாவில் அதே வண்டி வேறொருவர் பேரில் ஓடும். அதன் எதிரே வருகிறவர் நம் அங்கத்தினராகவே இருக்கலாம்.

தீர்மானமும் அதன் பின்னும்

மாற்றுவதென்று முடிவானால் மூன்று பட்டறைகளிலிருந்து விலைப்புள்ளி வாங்கவேண்டும். ஒவ்வொன்றிலும் பட்டைகளின் எண்ணிக்கை, அகலம், கனம், புதிய யு-போல்ட்டு சேர்ந்ததா, கூலி தனியா, எத்தனை நாள் உத்தரவாதம் என்பன தெளிவாயிருக்கவேண்டும். இவை இல்லாத விலைப்புள்ளிகளை ஒப்பிடுவது, மரக்காலும் படியும் கலந்து நெல் அளப்பது போன்றது. போகக் காலத்தில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கொடுக்கவேண்டியிருப்பதால், மூன்றாயிரம் குறைவாகக் கேட்டு ஒருவாரம் வைத்துக்கொள்ளும் பட்டறை மலிவானதல்ல.

பட்டைகளைப் பூட்டும்போது இடையிடையே கிராபைட் கிரீஸ் தடவச் சொல்லவேண்டும். வண்டி திரும்பியபின், பாரத்தோடு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், யு-போல்ட்டுகளை மறுபடி இறுக்குவது அத்தியாவசியம். புதிய பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் தானாகவே குறைந்துவிடுகிறது. பட்டறைக்காரர் இதைச் சொல்லித்தான் அனுப்புவார், டிரைவர் கேட்டுக்கொள்ளுவார், அறுவடை நெருக்கடியில் இருவரும் மறந்துவிடுவார்கள். ஆகையால் இறுக்கவேண்டிய கிலோமீட்டரை வண்டிப் புத்தகத்தில் சிவப்பு மையால் குறித்து, இறுக்கிய தேதியைக் காரியதரிசி பார்த்துக் கையெழுத்திடவேண்டும். அதன்பின் மாதம் ஒருமுறை பார்ப்பது போதுமானது.

கழற்றிய பழைய பட்டைகள் சங்கத்தின் சொத்து. அவற்றைப் பட்டறையில் விட்டுவராமல் எடுத்துவந்து, எடை போட்டு, இருப்புப் புத்தகத்தில் எழுதி, ஏலத்தில் விற்று வந்த தொகையை வரவு வைக்கவேண்டும். முறிந்த பட்டையை மட்டும் அடுத்த கமிட்டிக் கூட்டம்வரை சங்கத்து அலுவலகத்திலேயே வைத்திருப்பது நல்லது. முறிவு எங்கே விழுந்தது, எவ்வளவு கறுத்திருந்தது என்பதை, செலவுக்குச் சம்மதிக்காத அங்கத்தினரும் கையில் எடுத்துப் பார்க்கலாம்.